சம்மதம் வாங்கவும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டெங்கு, காசநோய் பற்றி மக்களே தம் குரலில் சொல்லும் சிறு காணொளிகளைச் செய்விக்க, கொழும்பில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி போன்ற இடங்களிலேயே, கதை சொல்வோருக்கு வழிகாட்டும் வளவாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும். ஆனால் பயிற்சி நேரமெல்லாம் தொகுப்புச் செயலியிலேயே போய்விடக்கூடாது. செயலியை அரை நாளில் பழகிவிடலாம். பிறர் கதையைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகத்தான் நாள் எடுக்கும்.

வளவாளர் முதலில் தன் கதையை ஒரு காணொளியாகச் செய்து பார்க்கட்டும். பிறகு எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும். இரண்டு நிமிடக் காணொளிக்கு ஏறத்தாழ 200 சொற்கள் போதும். பேச்சை வளவாளர் கட்டுரைத் தமிழாகத் திருத்தினால், வாசிக்கும்போது குரலில் உயிர் இருக்காது. மின்விசிறியை நிறுத்தி, கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, பந்தி பந்தியாகப் பதிய வேண்டும். குரல் முடிந்த பிறகே படங்கள், பதினைந்து தாராளம்.

"காய்ச்சல் விட்டதும் நிம்மதியானோம்" என்று ஒரு தாய் சொல்லலாம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது. அவர் சொன்னதை வெட்ட வேண்டாம். அந்த இடத்தில் எச்சரிக்கையை எழுத்தில் காட்டுங்கள். வெளியிடுமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை சம்மதம். தொடக்கத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதாது. முடிந்த காணொளியைக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள்; ஒரு வாரம் யோசிக்க விடுங்கள். வாட்ஸ்அப்பில் போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். காசநோயாளியின் முகத்தை மறைத்தாலும் குரல், வீட்டு வாசல், கிளினிக் அட்டை எண் காட்டிக்கொடுக்கும். ஆள் தெரிந்துவிட்டால் வேலையும் வாடகை வீடும் பறிபோகலாம். வேறொருவர் குரலில் பதியவும் வழி இருக்கட்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை, கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விசேட வகையாகவே கருதுகிறது. பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவோர், யோசிக்க விடும் அந்த ஒரு வாரத்தையும் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சமூக சுகாதாரப் பயிற்றுநர்கள்,
கொழும்பு - 13