முதல் போர்வைக்குப் புடவையை நறுக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய நூல் புடவையில் குழந்தைப் போர்வை தைப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஆசையைக் கிளப்பிவிட்டு வழியைத் தவறாகக் காட்டிவிட்டது. நாலு அங்குலச் சதுரங்களாக வெட்டி ஒட்டுப்போடச் சொல்கிறது. தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் போனால் மிஞ்சுவது மூன்றரை. சின்னப் போர்வைக்கே 13 வரிசை, வரிசைக்கு 13, ஆக 169 துண்டுகள். நைந்த துணியில் கால் அங்குல ஓரத்துக்குப் பிடிமானம் ஏது? துவைக்கத் துவைக்க நூல் பிரிந்து வாய் திறக்கும். போதாக்குறைக்கு, இது பாட்டி கட்டிய புடவை என்று காட்டிக்கொடுக்கும் முந்தானையும் கட்டமும் அடையாளம் தெரியாமல் சிதைந்துவிடும். அதற்காகத்தானே இவ்வளவு பாடு?

முதல்முறை தைப்பவர்களுக்கு ஒரே புடவை போதும், பஞ்சும் வேண்டாம். ஐந்தரை மீட்டர் புடவையில் இடுப்பில் செருகும் உள்முனையில் ஒரு மீட்டரை மட்டும் வெட்டித் தனியே வையுங்கள், ஓரப்பட்டிக்கு ஆகும். மீதி நாலரை மீட்டரைக் கொசுவம் வைப்பதுபோல முன்னும் பின்னுமாக நாலாக மடித்தால் ஏறக்குறைய 44 அங்குலச் சதுரம். முந்தானை மேலே இருக்கட்டும். இப்படி மடித்தால் அடி மடிப்பிலும் துணியின் நல்ல பக்கமே வெளியே வரும்.

மடிக்கும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. கஞ்சி போகத் துவைத்துக் காயவையுங்கள். கஞ்சி நின்றால் ஊசி இறங்காது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சுங்குடிச் சிவப்பு, கருநீலம் போன்றவை சாயம் விட்டால், விடுவது நிற்கும்வரை தனியாக அலசுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, இரு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள்; குதிகால் பட்ட கீழ்க்கரை, தூளி கட்டியிருந்தால் முடிச்சு விழுந்த இடம், இவைதான் முதலில் இற்றுப்போகும். அந்தப் பகுதி நடு மடிப்புகளுக்குள் போகும்படி மடியுங்கள். ஜரிகைக் கரையைக் கத்தரித்துவிடுங்கள். குழந்தையின் தோலை உராயும் என்பது ஒன்று. நாலு கரை அடுக்காக வந்தால் ஊசியும் ஒடியும்.

மடிப்புகள் நகராமல் பிடித்துவைக்க முதலில் போட்டு, பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையலைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது; அதில்தான் பாதிப் போர்வைகள் கெடுகின்றன. தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவி, மையத்தில் தொடங்கி நாலு விரல் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக நீளத் தையல் ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் உபரித் துணி நடுவில் வந்து குவியும். அடிப்பக்கத்தில் மடிப்பு விழுந்து, தைத்து முடித்த பிறகே கண்ணில் படும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் பழந்துணிப் போர்வை தைக்கும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள் என்பது உண்மை. அது கைப்பழக்கம்; முதல் போர்வையில் முயல வேண்டாம்.

பிறகு ஓட்டுத் தையல். நூல் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் வலுவானது, நைந்த துணியை அறுத்துவிடும். ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள், சிக்கும். முடிச்சைச் சுண்டி மடிப்புகளுக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள். அரை அங்குல இடைவெளியில் 88 வரிகள். அங்குலத்துக்கு மூன்று தையல் என்றால் மொத்தம் பதினோராயிரத்துக்கு மேல். வரிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஒரு அங்குல இடைவெளி விடலாம், தப்பில்லை. நூலை மட்டும் இறுக்கக் கூடாது. ஒவ்வொரு வரி முடிவிலும் துணியை இருபுறமும் லேசாக இழுத்துவிட்டு அப்புறம் நூலை முடியுங்கள். அப்படியும் ஓரிரு அங்குலம் சுருங்கத்தான் செய்யும். அதனால் ஓரத்தைச் சமன்செய்து பட்டி வைப்பதைக் கடைசியில் செய்யுங்கள். எடுத்துவைத்த துணியில் இரண்டரை அங்குல அகலத்தில் ஐந்து பட்டிகள் வெட்டி இணைத்தால் நாலு பக்கத்துக்கும் போதும்.

பெயரும் ஆண்டும் போட விரும்பினால் ஒரு மூலையில் சங்கிலித் தையலில் போடலாம். சமிக்கி, பொத்தான், மணி எதுவும் கூடாது; பிய்ந்து வாய்க்குள் போகும். கைக்குழந்தைக்கு இதை அடியில் விரிக்கலாம், தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம்.

கட்டுரையின் படத்தில் இருந்தது பட்டுப் புடவை. பழைய பட்டு மடிப்பு விழுந்த கோட்டிலேயே விண்டுபோகும், வீட்டுத் துவைப்பும் தாங்காது. கல்யாணப் பட்டு பீரோவிலேயே இருக்கட்டும். தினமும் கட்டிப் பழசான நூல் புடவையை எடுங்கள்.

– தையல் ஆசிரியை, சின்னாளப்பட்டி