ராணிப்பேட்டைக்கு ரிக் அனுப்பும் முன்

ஜெர்சி சிட்டி

அன்புள்ள செல்வராசு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சின்னவளுக்கு நர்சிங் சீட் கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பாயசம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, கூடவே என் முழங்கால் வலியும். அதை விடு.

ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலைப் பக்கம் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் போர்வெல் போட உன் ரிக்கை, அதாவது துளை போடும் லாரியைக் கேட்கிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

ரிக் தொழிலுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்காரனுக்குப் போர் போடச் சொல்லித்தர நான் யார்? ஆனால் இது தண்ணீர் தேடிப் போடுகிற போர் இல்லையப்பா. 1990களின் நடுவில் மூடிய அந்த ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அங்கேயே விட்டுப் போனது. இந்த ஊரிலும் அதே கதைதான். குரோம் தாதுக் கழிவைச் சாதாரண மண் மாதிரி பள்ளங்களில் கொட்டி மேலே கட்டடமும் கட்டிவிட்டார்கள். நான் துளை போட்டுப் பிழைப்பதே அந்த மண்ணில்தான். அதிலிருக்கும் ஹெக்சாவேலண்ட் குரோமியம் தோலில் புண் வைக்கும், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை போடும், நுரையீரலில் புற்றுநோய் கொண்டுவரும்.

முதலில் நீ யோசிக்க வேண்டியது பாறை உடைக்கும் ஹேமரையோ அதன் முனையிலிருக்கும் பிட்டையோ அல்ல, ரிக்கோடு கூடவே வரும் சப்போர்ட் லாரி எங்கே நிற்கும் என்பதை. உன்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் சத்தீஸ்கரிலிருந்து வந்து அந்த லாரியிலேயே சமைத்து, அதிலேயே படுக்கிறவர்கள். வேலைச் சட்டையை அதன் பக்கவாட்டில்தானே காயப்போடுகிறார்கள்? தொழிலாளி உடுப்போடு விஷம் வீட்டுக்குப் போவதைத் தடுப்பதற்கென்றே 1992இல் அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. உன் பையன்களுக்கு அந்த லாரிதான் வீடு. காற்று வரும் திசையில், நன்றாகத் தள்ளி நிறுத்து.

ரிக்கைச் சுற்றி ஒரு கோடு, அதற்கு வெளியே கழுவும் இடம், அதையும் தாண்டி லாரி. உள்ளே போக வர ஒரே வழி. கழுவும் இடத்தில் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வரிசையாக டப் வை. பூட்ஸையும் வெளிக் கையுறையையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கழற்ற வேண்டும். அடுத்து உடம்பை மூடும் பாதுகாப்பு உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி இறக்க வேண்டும். அதன் பிறகுதான் முகமூடி, கடைசியாக உள் கையுறை. மூச்சு முட்டுகிறது என்று எல்லோரும் முகமூடியைத்தான் முதலில் பிடுங்குவார்கள். உடுப்பிலிருந்து தூசி பறப்பதும் அந்த நேரத்தில்தான். கை முகம் கழுவாமல் பீடி, டீ, வெற்றிலை எதுவும் கூடாது.

கம்ப்ரசர் ஹோஸைத் திருப்பிச் சட்டைத் தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கம் எல்லா ரிக்கிலும் உண்டு. முதலில் அதை நிறுத்து. 2006இல் இங்கே குரோமியத்துக்கென்று போட்ட விதி, காற்றில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்ததோடு, துணியை உதறவோ ஊதவோ கூடாது என்றும் சொல்கிறது. துளையும் அப்படியே. மேல்மண்ணைக் காற்றடித்துத் தோண்டினால் கழிவு தெருவெல்லாம் பறக்கும். கழிவு இருக்கும் ஆழம் வரை மண்ணைத் திருகி எடுக்கும் ஆகர் போட்டு, கேசிங் குழாய் இறக்கிச் சுற்றி அடைத்த பிறகு பாறைக்கு உன் ஹேமரை இறக்கு.

அழுக்குக் குறைந்த இடத்தில் முதல் போர், மோசமான இடத்தில் கடைசி. ஒரு போருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ராடு, பிட் எல்லாம் சூடான பிரஷர் வாஷ். கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகக் கூடாது. டிரம்மில் பிடித்து வை. அந்த டிரம் கும்மிடிப்பூண்டி போன்ற அபாயக் கழிவு மையத்துக்குப் போகும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கு.

என் பெரிய கவலை வெயில்தான். உடம்பை மூடும் அந்த உடுப்பை இங்கே அக்டோபரில் போடுவதும் ராணிப்பேட்டையில் மே மாதம் போடுவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் கழுவிக் கழற்றினால்தான் தண்ணீர் குடிக்கலாம் என்றால் பையன்கள் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். விடியலில் ஆரம்பி, இரண்டு குழுவாகப் பிரி. எவனாவது மயங்கி விழுந்தால் டப் வரிசையெல்லாம் பார்க்காதே. உடுப்பைக் கிழித்து நிழலுக்குத் தூக்கு, ஆஸ்பத்திரியில் என்ன ரசாயனம் என்று சொல்.

இதெல்லாம் அடிக்கு இவ்வளவு என்கிற ரேட்டில் அடங்காது. கழுவும் நேரத்தை நாள் கணக்கில் தனியாகப் போடு. அதற்குப் பணம் இல்லை என்றால் வேலையை விட்டுவிடு. கொட்டேஷன் அனுப்பும் முன் எனக்குப் போன் பண்ணு, உங்கள் காலை நேரம் எனக்குத் தோது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
முருகேசன்