கடல் சாமந்தியைக் கல்லிலேயே விட்டுவிடுங்கள்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் விலங்கியல் நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. அப்பா சிப்பி குளிக்கிறவர். நான் இப்போது பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒரு காலத்தில் உங்களைப் போன்றவர்களிடம் படித்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் களப்பயணம் என்று எங்களை முட்டத்துக்குக் கூட்டிவந்தார்கள். நான் விளையாடி வளர்ந்த பாறைகள். ஆளுக்கொரு கத்தி, உயிரிகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம் ஒரு பாட்டில். கல்லிடுக்கில் பூப்போல் விரிந்திருந்த கடல் சாமந்தி என்ற விலங்கை (sea anemone) முதலில் காட்டிக்கொடுத்தது நான்தான். சிறுவயதில் நாங்களாகவே அதற்குக் கல்லுப்பூ என்று பெயர் வைத்திருந்தோம். கத்தியால் நெம்பியபோது அடிப்பாகம் கிழிந்து, பாதி கல்லிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு எங்கள் வகுப்பு மட்டும் முப்பதுக்கு மேல் எடுத்திருப்போம். பாட்டிலில் விழுந்ததும் ஒவ்வொன்றும் சுருங்கி, வெளிறி, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டியாயிற்று. ரெக்கார்டு நோட்டில் அந்தக் கட்டியைப் பார்த்து யாரும் வரையவில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் வரைந்தோம்.

ஏன் சுருங்கியது என்று உங்களுக்குத் தெரியும். மெந்தாலோ மெக்னீசியம் குளோரைடோ சேர்த்த கடல்நீரில் வைத்து, மெல்ல மெல்ல மயக்கி, வாயைச் சுற்றி இதழ்போல் இருக்கும் உணர்நீட்சிகள் விரிந்திருக்கும்போதே பதப்படுத்த வேண்டிய உயிர் அது. ஒரு பஸ் பிள்ளைகளோடு காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. எடுத்த அத்தனையும் வீண்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "தின்ன மாட்டாவளே, பின்ன எதுக்கு மக்ளே எடுக்குதாவ?" என்று கேட்டார். சிப்பி குளிக்கும்போது குஞ்சை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எடுக்கிறவர் அவர். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கல்லில் இருக்கும்போது அது எவ்வளவு கற்றுக்கொடுக்கிறது! விரல் நுனியை வைத்தால் பசைபோல் ஒட்டும். கொட்டும் செல்கள் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளை நம் தோலில் பாய்ச்சுவதால் வரும் ஒட்டல் அது. ஒரு சிறு இறால் துண்டைப் போட்டால் உணர்நீட்சிகள் வளைந்து வாய்க்குக் கொண்டுபோகும். செரித்தது போக மிச்சம் அதே வாய் வழியாக வெளியே வரும். தண்ணீர் வற்றினால் உள்ளே கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொண்டு மூடிக்கொள்ளும். சில இனங்கள் வெயில் படாமலிருக்க உடம்பெல்லாம் சிப்பித்தூளை ஒட்டிவைத்துக்கொள்ளும். கடல் சாமந்தியும் பவளமும் சேர்ந்த குழியுடலிகள் என்ற கூட்டத்தைப் பற்றிய பாடத்தில் பாதியை, பாறையிடுக்கில் கடல்நீர் தேங்கிய ஒரு குட்டையின் ஓரத்தில் குந்தியிருந்தே நடத்திவிடலாம்.

அதன் ஆயுளையும் நினைத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் 1828-இல் கடற்கரையிலிருந்து எடுத்துக் கண்ணாடிச் சாடியில் வளர்த்த ஒரு கடல் சாமந்தி 1887 வரை உயிரோடிருந்தது. நான் கிழித்ததற்கு என்ன வயதிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். என்னைவிட மூத்ததாகக்கூட இருந்திருக்கலாம்.

நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. கரைப்பாறையில் இவை வாழும் பட்டை அவ்வளவு ஒடுக்கமானது. அதிலும் பாறை எல்லா இடத்திலும் இல்லை. முட்டம், கடியப்பட்டணம், கன்னியாகுமரி முனை என்று துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ராஜாக்கமங்கலம், மணக்குடிப் பக்கம் போனால் மணல். ஒரே குட்டைக்கு வருஷாவருஷம் கல்லூரி மாறிக் கல்லூரி வந்தால் அது எப்படித் தாங்கும்?

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. 2019-இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், சூழல்ரீதியாக மிக நுட்பமான இடங்களின் பட்டியலில் அலையாத்திக் காடு உண்டு, பவளப்பாறை உண்டு, மணல்மேடு, கடற்புல், ஆமை முட்டையிடும் கரை எல்லாம் உண்டு. வெறும் பாறைக்கரை அதில் இல்லை. பவளத்துக்கு நெருங்கிய சொந்தம்தான் கடல் சாமந்தி, சுண்ணாம்புக் கூடு மட்டும் கட்டாது. அந்தக் கூடு இல்லாததால் அதன் வீட்டுக்கும் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று.

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவரான தூண்டில் வளைவு கேட்டு எங்கள் ஊர்கள் போராடின. வீட்டு வாசலில் கடல் நிற்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வளைவு வந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். மணல் மூடிய குட்டையில் பாறையில் ஒட்டி வாழும் கடல் சாமந்தி பிழைப்பது கடினம். அங்கே முன்பு என்ன இருந்தது, எத்தனை இருந்தது என்று எழுதிவைத்தவர் உண்டா? அதை உங்கள் மாணவர்கள் எழுதிவைக்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

எண்ணும் இடத்தை அளந்துகொள்ள ஒரு மீட்டர் சதுரச் சட்டகம் போதும். பாறையில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, வருஷாவருஷம் அதே மாதம் வந்து எண்ணுங்கள், செல்போனில் படமெடுங்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். ரெக்கார்டு நோட்டில் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுங்கள். விலங்குகளை அறுத்துப் படிப்பதைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி 2011-இலேயே பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் தந்தது. ஆய்வகத்தில் தவளைக்குக் கிடைத்த விடுதலை கடற்கரையில் இதற்கும் கிடைக்கட்டும்.

ஆனி, ஆடியில் வரவேண்டாம். அப்போது பாறையில் அடிக்கும் அலை ஆளை இழுத்துவிடும். தை, மாசியில் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வந்தால் கடல் நன்றாக வற்றும். எந்த நேரத்தில் வற்றும் என்று கரையில் வலை பின்னுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு குட்டையும் தெரியும்; காட்டித்தர நானும் கூட வருகிறேன். கத்தியையும் பாட்டிலையும் மட்டும் கல்லூரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி