தொடக்கப்பள்ளி அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு: பூஞ்சணம் பூத்த குடுவைக்கும் நூலில் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். எட்டு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாக அறிவியல் கற்பித்துவரும் ஆசிரியை நான். சூழல் மண்டலம் பற்றிய பாடத்தில் வரும் சோதனைகளை வகுப்பறையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவள் என்ற முறையில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அந்தச் சோதனைகளுக்கு ஒரு வாரம் போதாது. ஒரு பருவம் முழுவதையும் கொடுங்கள். நூலில் சொன்ன விளைவு வந்ததா என்பதை விட்டுவிட்டு, குழந்தை தான் பார்த்ததைத் தேதியிட்டு எழுதியிருக்கிறதா என்பதற்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.

மூடிய குடுவைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குடுவை, அடியில் கூழாங்கல், மேலே ஈரமண், ஓரிரண்டு சிறு செடிகள், இறுக்கமான மூடி. வெளிச்சம் உண்டு, நேர்வெயில் இல்லை. நான் பயன்படுத்திய நூல்களில் இந்தச் சோதனை "செடி வளர்வதைக் காணலாம்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோகிறது. சென்ற ஆண்டு நாங்கள் வைத்த குடுவையில் மறுநாள் காலையிலேயே உட்சுவரெங்கும் நீர்த்துளிகள் கோத்திருந்தன. "டீச்சர், உள்ளே வேர்த்திருக்கு" என்றாள் ஒரு சிறுமி. நீராவிப்போக்கு என்ற சொல்லை நான் எடுப்பதற்கு முன்பே, அந்த நீர் எங்கிருந்து வந்தது, யாரும் ஊற்றாமல் மண் எப்படிக் காயாமல் இருக்கிறது என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. மூன்றாம் வாரத்தில் ஓர் இலை பழுத்து மண்ணில் விழ, அதன்மேல் வெண்பஞ்சு ஒட்டியதுபோலப் பூஞ்சணம் படர்ந்தது. அந்த வாரம் பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர், கெட்டுப்போனதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அதை அப்புறப்படுத்தச் சொன்னார். பாடநூலின் படத்தில் பூஞ்சணம் இல்லாததால் மறுத்துப் பேச என் கையில் ஆதாரம் ஏதும் இல்லை.

அடுத்த குடுவையைக் கொஞ்சம் மறைவான சன்னலோரத்தில் வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதிலும் இலை விழுந்தது, பூஞ்சணம் வந்தது. சில வாரங்களில் இலையின் பசும்பகுதி கரைந்து நரம்புகள் மட்டும் சல்லடைபோல நின்றன. பிறகு அவையும் மண்ணோடு மண்ணாயின. உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை என்று மூன்று கட்டம் போட்டுக் கரும்பலகையில் நான் வரையும் படத்தில் எப்போதும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் அந்த மூன்றாம் கட்டம், அங்கே கண்ணெதிரே வேலை செய்துகொண்டிருந்தது.

இது விளையாட்டுச் சோதனை என்று எண்ணிவிட வேண்டாம். 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை வளர்க்க எண்ணி, ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். அவர் எதிர்பாராத வகையில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன. ஏறத்தாழ 4 ஆண்டுகள் புட்டிக்குள்ளேயே வாழ்ந்து, மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கியபோதுதான் அழிந்தன. இதன் எதிர்முனையில் இருக்கிறது அமெரிக்காவின் அரிசோனாவில் கட்டப்பட்ட 'பயோஸ்பியர் 2'. 1991 செப்டம்பரில் 8 பேர் அந்தப் பெரும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் 2 ஆண்டு வாழ்வதற்காக அடைபட்டார்கள். உள்ளே காற்றில் சுமார் 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் 16 மாதங்களில் 14 விழுக்காட்டை நெருங்கிவிட, 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த நேர்ந்தது. மட்குச்சத்து மிகுந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிகள், செடிகள் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டதும், அவை வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதியைச் செடிகளுக்குக் கிடைக்காதபடி கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதும் இதற்குக் காரணங்கள். பூஞ்சணம் பூத்த குடுவையை ஒரு பருவம் பார்த்த குழந்தைக்கு இந்தச் செய்தியைச் சொன்னால், கதையாக மட்டும் கேட்டுக்கொண்டிராமல் உடனே கேள்வி கேட்கிறது.

குடுவைகளை இரண்டிரண்டாக வைக்கச் சொல்லுங்கள் என்பதும் இதோடு சேர்ந்த வேண்டுகோள். ஒரே மண், ஒரே செடி, ஒரே அளவு நீர். ஒன்று வெளிச்சத்தில், மற்றொன்று கறுப்புத் தாள் சுற்றிய நிலையில். ஒப்பிடுவதற்கு இணை இல்லாத சோதனையில் குழந்தை எதைக் கண்டாலும் அதற்கு எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம்.

செடியின் உடல் எதனால் ஆனது என்ற கேள்விக்கு என் மாணவர்களில் பெரும்பாலோர் "மண்" என்றே விடை சொல்கிறார்கள். உரத்தைச் செடியின் உணவு என்று நாமே பேசிப் பழகியிருப்பதால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய மருத்துவர் 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டைத் தாண்டியது. மண் இழந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். அவர் இறந்தபின் 1648-இல் வெளியான இந்தச் சோதனையில் அளவு சரி, முடிவு பாதி தவறு: மரம் முழுக்க நீரால் ஆனது என்று கருதிய அவர் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. கவனமாக அளந்த ஒருவரும் தவறான முடிவுக்கு வர முடியும் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நூலில் இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கினால் போதும்.

உணவுச் சங்கிலியின் அம்புக்குறியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புல், வெட்டுக்கிளி, தவளை என்று எழுதிக் கொடுத்தால், "தவளைதானே பிடித்துத் தின்கிறது" என்று அம்பைத் தவளையிலிருந்து வெட்டுக்கிளிக்கு வரைகிறார்கள். அம்பு, உணவும் அதிலுள்ள ஆற்றலும் போகும் திசையைக் குறிக்கிறது என்ற ஒரு வரி படத்துக்கு அடியிலேயே இருக்கட்டும்.

மற்றச் சோதனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலை, தாள், பருத்தித் துணி, பிளாஸ்டிக் துண்டு ஆகியவற்றை மண்ணில் புதைத்து மாதம் ஒருமுறை தோண்டிப் பார்ப்பதும், ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் வளைத்து அதற்குள் எத்தனை வகை உயிர்கள் என்று எண்ணுவதும் செலவில்லாதவை, ஏற்கெனவே பல நூல்களில் உள்ளவை. எண்ணிக்கையைத் திருத்தச் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதும். விளக்கொளியில் நீர்த்தாவரம் விடும் குமிழிகளை நிமிடக்கணக்கில் எண்ணியபோது ஒரே கிண்ணத்துக்கு ஒருவன் 14 என்றும் இன்னொருவன் 22 என்றும் எழுதினார்கள். மறுமுறை எண்ணுவோம், மூன்று முறை எண்ணிச் சராசரி எடுப்போம் என்ற யோசனை அந்த வேறுபாட்டிலிருந்துதான் வந்தது, அதுவும் அவர்களிடமிருந்தே.

பாதுகாப்புக் குறிப்புகளையும் சேர்த்துவிடுங்கள்: பூஞ்சணம் உள்ள குடுவையை வகுப்பறைக்குள் திறக்கக் கூடாது, மண்ணைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பார்ப்பதற்காக எடுத்த மண்புழுவையும் பூச்சியையும் அன்றே எடுத்த இடத்தில் விட வேண்டும்.

திருத்தப்பட்ட பதிப்பில் குடுவையின் படத்தை மாற்றும்போது, முதல் நாள், மூன்றாம் வாரம், பத்தாம் வாரம் என்று மூன்று படங்களை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது படத்தில் பூஞ்சணம் தெளிவாகத் தெரியட்டும். அடுத்த முறை யாராவது குடுவையை எடுத்துப் போடச் சொன்னால், அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்