தடுப்பூசிக்குப் பின் கால் ஓய்ந்தவர்களையும் எண்ணுங்கள்

இந்திய அரசின் சுகாதார, குடும்ப நல அமைச்சகத்துக்கும், தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவினருக்கும்,

வணக்கம்.

2021 ஆகஸ்டில் ஒரு நாள் மதியம் என் அண்ணன் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தபோது அவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று தெருமுனையில் கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் படியேற முடியவில்லை. அதற்கு மறுநாள் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கக் கையில் பலமில்லை. மூன்றாம் நாள் இரவு ஐசியுவில் சேர்த்தோம்.

கில்லன் பாரே என்றார் நரம்பு மருத்துவர். கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி தடம் மாறி, உடம்பின் நரம்புகளையே தாக்கும் நோய். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்ற வேண்டும். எடைக்கு ஏற்ற அளவு, ஐந்து நாள். அண்ணனுக்கு 60 கிலோ. ஐந்து கிராம் பாட்டில் 24 தேவைப்பட்டது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஆயிரங்களில் பில். தாலிக்கொடியைத் தவிர அண்ணியின் நகையெல்லாம் அடகுக்கடைக்குப் போனது.

முந்தின வாரங்களில் காய்ச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். பதினாறு நாளுக்கு முன் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "அதெல்லாம் இதுல வராதும்மா" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்க்கரை அளவு இருக்கிறது, சிகரெட் பழக்கம் இல்லை என்று இருக்கிறது. தடுப்பூசி பற்றி ஒரு வரி இல்லை.

அந்த ஊசியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. இந்த நோய் பெரும்பாலும் தொற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. 2025 தொடக்கத்தில் புணேயில் பலருக்கு வந்தபோது வயிற்றைக் கெடுக்கும் கிருமியைத்தான் தேடினார்கள். அண்ணனுக்கும் வேறு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் விசாரித்தால்தானே தெரியும்? என் வருத்தம் அது ஒன்றுதான்.

இதை எடுத்துக்கொண்டு யாராவது ஊசியே வேண்டாம் என்று கிளம்பினால் எனக்குப் பொறுக்காது. அண்ணனின் பள்ளி வகுப்பில் இரண்டு பேர் இரும்புக் காலிபர் மாட்டி நடந்தவர்கள், இருவருக்கும் போலியோ. அண்ணன் ஐசியுவில் இருந்து வெளியே வந்த பிறகு நானே என் இரண்டாம் டோஸைப் போட்டுக்கொண்டேன். அவர் மகளுக்குப் பள்ளியில் போட்ட ஊசி ஒன்றுகூட விடுபடவில்லை.

எங்கள் பாட்டி காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. 1911ல் இமாசல மலையூரான கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் கண்ட முறை அது. ஆட்டு மூளையில் ரேபிஸ் கிருமியை வளர்த்து, அரைத்து, பினால் என்ற ரசாயனம் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்வார்கள். மூளைத் திசுவோடு நரம்பு உறையின் புரதமும் உள்ளே போகும். அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, சிலருக்குத் தன் நரம்பு உறையையே சிதைத்துவிடும். நாய்க்கடிக்குத் தப்பியவர் கால் விளங்காமல் படுத்துவிடுவார். அந்த ஊசி லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றியது என்பதும் உண்மைதான். ஆனால் முடங்கியவர்களை யாரோ கவனித்து எழுதி வைத்ததால்தான் அதன் குறை வெளியே வந்தது. அதை விட்டொழியுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே சொல்லியும், இங்கே 2004 கடைசிவரை அது ஓடியது. அந்த இருபது வருடத்தில் கால் போனவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

அமெரிக்காவில் 1976 அக்டோபரில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். பத்து வாரத்தில் நாலு கோடிப் பேருக்கு மேல் போட்டாயிற்று. நடுவில் மினசோட்டா மாநிலத்திலிருந்து கில்லன் பாரே பற்றித் தகவல் வந்தது. எண்ணிப் பார்த்தார்கள். லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்திருந்தது. டிசம்பர் 16 அன்று திட்டத்தை நிறுத்தினார்கள். லட்சத்தில் ஒன்று கண்ணில் பட்டது, அங்கே கேட்டு எழுதியதால்தான். இப்போது அங்கே இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஃப்ளூ ஊசி போட்ட 3 முதல் 42 நாளுக்குள் கில்லன் பாரே வந்தால், வேறு காரணம் தெரியாத பட்சத்தில், யார் தவறு என்று நிரூபிக்காமலே விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு டோஸிலும் வசூலிக்கும் சிறு வரியில் நடக்கிறது.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கை கால் திடீரென்று துவண்டால் நம் அரசு என்ன செய்கிறது? போலியோவா என்று பார்க்க 48 மணி நேரத்துக்குள் ஆள் வருகிறார். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை மலம் எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்புகிறார்கள். சில பிள்ளைகளை 60 நாள் கழித்தும் வந்து பார்க்கிறார்கள். 1997 முதல் இப்படித் தெருத்தெருவாக அலைந்துதான் போலியோவை விரட்டினோம். அந்தப் பட்டியலில் கில்லன் பாரே வந்த பிள்ளைகளும் ஏராளம். பத்து வயதுப் பிள்ளைக்கு வந்த அந்த ஆள், 44 வயது மெக்கானிக்குக்கு ஏன் வரவில்லை?

தடுப்பூசி போட்ட ஆறு வாரத்துக்குள் யாருக்குக் கை கால் ஓய்ந்தாலும், வயது பார்க்காமல் அதே ஆளை அனுப்புங்கள். நரம்பியல் வார்டின் அட்மிஷன் தாளில் "கடைசியாக எப்போது, என்ன ஊசி?" என்ற கேள்வியை அச்சடியுங்கள். மருந்துப் பக்கவிளைவைச் சொல்ல 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் மருத்துவர் அல்ல, மருந்துக்கடைப் பையன், அதுவும் எட்டு மாதம் கழித்து. தனியாட்களும் தனியார் மருத்துவர்களும் பாதிப்பைத் தெரிவிக்க வழி செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்றே சொல்லிவிட்டது. அந்த எண் ஊசி போடும் இடத்துச் சுவரில் தமிழில் இருக்க வேண்டாமா?

அப்புறம் பணம். இழப்பீடு வேண்டுமானால் நீதிமன்றம் போகலாம் என்று அதே வருடம் நவம்பரில் நீங்கள் பதில் மனு கொடுத்தீர்கள். அப்போது வாக்கர் பிடித்து நடந்தவர் எந்தக் கோர்ட்டுப் படியை ஏறியிருப்பார்? ஊருக்காகவும் சேர்த்துத்தான் அவர் கையை நீட்டினார். காரணம் முடிவாகும்வரை வைத்தியச் செலவை அரசு ஏற்கட்டும். முடிவு எதுவானாலும், ஊசி காரணமில்லை என்றாலும், அதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள்.

அண்ணன் இப்போது நடக்கிறார். இடது பாதம் இன்னும் முழுதாக எழும்பவில்லை. செருப்புக்குப் பின்வார் வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறார். கோவின் சான்றிதழ், நரம்புப் பரிசோதனைத் தாள், 24 பாட்டிலின் பில் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் எப்போது வந்தாலும் எடுத்துக் காட்டுவோம். காலை பத்து மணிக்கு மேல் அவர் பட்டறையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு தங்கை