கீழே இறக்கலாமா, காலை வரை பார்க்கலாமா? அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நைட் டூட்டி முடிந்து சேலம் அஸ்தம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றபடியே போன் பண்ணினாய். "சித்தி, உங்க ஸ்கூல்ல நர்ஸ் வேலை இருந்தா சொல்லுங்க, வார்டுல என்னால முடியல" என்றாய். குரலே சோர்ந்து கிடந்தது. அப்போது "பார்க்கலாம் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று எனக்குத் தெரியும். உன் வயசில் இதையே கேட்கிற பிள்ளைகள் இன்னும் சிலரும் இருப்பதால், எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். அவர்களுக்காக ஒரு வரி: நான் ஏற்காடு மலைமேல் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் நர்ஸ், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கீழே சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும்.

வா. ஆனால் இப்போது வேண்டாம். குழந்தைகள் வார்டில் இன்னும் ஒரு வருஷமாவது இருந்துவிட்டு வா.

ஏன் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன், ஹாஸ்டலுக்கு வந்து நாலு மாசம்தான். திங்கட்கிழமை ஆனால் அவனுக்கு வயிற்று வலி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேசுவான், மறுநாள் காலையில் சிக் ரூம் வாசலில் நிற்பான். பக்கத்தில் உட்கார வைத்து, ஊரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசவிட்டால் சரியாகிவிடும். அதனால் அவனுக்கு வயிற்று வலி என்றாலே எல்லாருக்கும் ஒரு அலட்சியம்.

அன்றைக்கு வியாழன். ராத்திரி ஒன்பது மணிக்கு வார்டன் கூட்டிக்கொண்டு வந்தார். மெஸ்ஸில் சப்பாத்தி குருமா போட்ட நாள், இவன் தொடவே இல்லை. மத்தியானம் தொப்புளைச் சுற்றி வலித்ததாம், இப்போது வலது பக்கம் கீழே காட்டினான். காய்ச்சல் என்று சொல்ல முடியாத காய்ச்சல், 99.8. நடந்து வரும்போது லேசாகக் குனிந்து, வலது கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தான். எனக்கு அந்த நடைதான் உறுத்தியது. "எங்கே, ஒத்தக் கால்ல ஒரு குதி குதி பார்ப்போம்" என்றேன். காலைத் தூக்கினான், குதிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் காலைக் கீழே வைத்தான்.

"வழக்கமா வர்றதுதானே, ஒரு வலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைங்க, காலையில பார்க்கலாம்" என்றார்கள், என்னைவிடப் பெரிய பொறுப்பில் இருக்கிறவர்கள். வெளியே பத்தடி தூரத்தில் இருக்கிற விளக்கு தெரியாத அளவுக்கு மூடுபனி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். நான் வண்டி கேட்டேன். சண்டை போட்டுத்தான் கேட்டேன். வழியெல்லாம் பிளாஸ்டிக் கவரை நான் பிடித்துக்கொள்ள, அவன் என் மடியில் சுருண்டு கிடந்தான். அடிவாரம் வந்து கோரிமேட்டு வெளிச்சம் தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. அப்பெண்டிக்ஸ். நள்ளிரவுக்கு மேல் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். விடியும் வரை விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

அந்தக் குதிக்கச் சொல்கிற சோதனையை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. குழந்தைகள் வார்டில் என் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு மத்தியானம் காட்டிக்கொடுத்தது. வலிக்கிற குழந்தை குதிக்காது, குதித்துக் காட்டிவிட்டால் பாதி பயம் போச்சு என்பார். வார்டில் உனக்குப் பக்கத்தில் டியூட்டி டாக்டர் இருக்கிறார், சீனியர் சிஸ்டர் இருக்கிறார், தப்பாக நினைத்தாலும் திருத்த ஆள் உண்டு. இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு நீயும் தெர்மாமீட்டரும் மட்டும்தான். கீழே இறக்கலாமா, காலை வரை பார்க்கலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். நூறு காய்ச்சல் குழந்தைகளையும் இருபது மூச்சிழுப்புக் குழந்தைகளையும் பார்த்த கண்ணோடு வந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

படிப்பைப் பற்றியும் கேட்டாய். பள்ளி நர்ஸுக்கென்று நம்மிடம் தனியாக ஒரு படிப்பு கிடையாது. ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பு முடித்தவர்கள், ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்கள், பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் என்று எல்லாரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். நான் ஜி.என்.எம். என் காலத்தில் அது மூன்றரை வருஷம், உனக்கு மூன்று. தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பதிவு இருந்தால் தனியார் ஹாஸ்டல் பள்ளிகள் எடுத்துக்கொள்ளும். ஆனால் நீ அதோடு நிற்காதே. ஜி.என்.எம். முடித்தவர்கள் மேலே படிக்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம்தான், அதை முடி. பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா பள்ளிகளில் ஸ்டாஃப் நர்ஸ் பணியிடம் உண்டு, மத்திய அரசின் கீழ் வருகிற வேலை. அதற்கு பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் கேட்கிறார்கள். அதோடு 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டரை வருஷ அனுபவமும் வேண்டும். பார்த்தாயா, வார்டில் இரு என்று நான் சொல்வதை அவர்களும் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் மற்ற அரசுப் பள்ளிகளில் நர்ஸ் என்று ஒரு பணியிடமே இல்லை. 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்கிற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர்கள், பார்மசிஸ்ட், நர்ஸ் சேர்ந்த குழு வண்டியில் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. நல்ல திட்டம். இதயத்தில் ஓட்டை, காது கேளாமை என்று எத்தனையோ அதில்தான் தெரியவருகிறது. ஆனால் பள்ளிக்கு அந்தக் குழு வருவது வருஷத்துக்கு ஒரு முறை. மற்ற நாளெல்லாம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து நடந்து வருகிற குழந்தையின் இருமலை யார் கேட்பது? எனக்கு இது ஆறாத வருத்தம்.

நாகலூரில் நாங்கள் படித்தபோது எனக்குக் காதில் சீழ் வடியும். உங்க அம்மாவைக் கேள், அவளுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வரமாட்டாள். கிராம நர்ஸ் அம்மா காப்பிச் செடிகளுக்கு நடுவே பையைத் தூக்கிக்கொண்டு வருவார். பஞ்சைத் திரித்து, துடைத்து, "அழுக்குன்னு ஒண்ணும் இல்ல சாமி, இது ஒரு நோய், அவ்வளவுதான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். நான் இந்த வேலைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

போன வருஷம் ஹாஸ்டலில் ஒரு பையனுக்குச் சொறி வந்தது. வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். வீடு மலைக்குள்ளே, அங்கே போனால் மருந்து யார் போடுவது? 1902-ல் நியூயார்க்கிலும் இதே கதைதான். கண்நோய், படர்தாமரை என்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லை. லிலியன் வால்ட் என்ற நர்ஸ் சொன்னதன் பேரில் லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸை நாலு பள்ளிகளுக்குச் சோதனையாகப் போட்டார்கள். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். நானும் அந்தப் பையனை அனுப்பவில்லை. அந்த அறையில் இருந்த 22 பேருக்கும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால் விரல் இடுக்கு வரை பெர்மெத்ரின் என்கிற சொறி மருந்தைப் பூச வைத்தேன், போர்வை எல்லாம் வெந்நீரில் போட்டோம், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசினோம். யாருக்கு முதலில் வந்தது என்று கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

சம்பளம் ஆஸ்பத்திரியைவிடக் குறைவுதான், சாப்பாடும் ரூமும் உண்டு. "நர்ஸ் சும்மாதானே இருக்காங்க" என்று பரீட்சை ஹாலில் நிற்க வைப்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதே. சிக் ரூமைப் பூட்டிவிட்டு நீ ஹாலில் நிற்கிற நேரத்தில்தான் சுகர் உள்ள பிள்ளைக்குத் திடீரென்று சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டும்.

அடுத்த மாசம் உனக்கு வாராந்திர லீவு ஞாயிறில் விழுந்தால் மேலே வா. ஸ்வெட்டர் மறக்காதே, சாயங்காலம் நடுக்கும். என் நோட்டுகளை எடுத்து வைக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது: யாருக்கு எந்த மருந்து ஆகாது, யார் வலித்தாலும் சொல்லமாட்டாள், யாருக்கு எந்தக் கிழமை வலி வரும், எல்லாம் எழுதியிருக்கிறேன். குதிக்காமல் நின்றானே, அவன் இப்போது ஒன்பதாவது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு கிரவுண்டில் ஃபுட்பால் ஆடுவான், காட்டுகிறேன்.

அன்புடன்,
சித்தி
ஏற்காடு