சிக்னல் பொறியாளர்களே, எத்தனை தடவை நின்றோம் என்று எண்ணுங்கள்

நகரச் சாலைகளுக்கு சிக்னல் நேரம் குறிக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

வண்டி வரத்தைப் பார்த்துத் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்மார்ட் சிக்னல் வந்ததும் காத்திருப்பு குறைந்தது, அதனால் புகையும் குறைந்தது என்கிறீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது.

1,200 கிலோ எடையுள்ள பெட்ரோல் கார் ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சிவப்பைப் பார்த்து நிற்கிறது. அதுவரை சேர்த்த வேகமெல்லாம் பிரேக்கில் சூடாகப் போய்விடும். மறுபடி அதே வேகத்தை எட்ட, தோராயமாக 14 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா நின்றால்கூட அவ்வளவு ஆகாது. அதே வேகத்தில் வரும் 12 டன் லாரி இழக்கும் ஆற்றலோ பத்து மடங்கு. ஆகவே ஒரே இடத்தில் ஒன்றரை நிமிடம் நிற்பதும், மூன்று இடங்களில் அரை அரை நிமிடம் நிற்பதும் உங்கள் அட்டவணையில் ஒன்றாகத் தெரியலாம், புகையில் ஒன்றல்ல. மின்சார வண்டிகள் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் ஆற்றலை மீட்டுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் டயர் தேய்ந்து வரும் தூசு அவற்றுக்கும் உண்டு.

அடுத்தடுத்த சிக்னல்களைக் கோத்து, பச்சை தொடர்ந்து கிடைக்கும்படி செய்வது புதுசு இல்லை. வண்டி வரத்தைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்கூட், ஸ்காட்ஸ் முறைகள் 1970களிலேயே வந்துவிட்டன. 2012இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 9 சந்திப்புகளில் சர்ட்ராக் என்ற முறையை வைத்துப் பார்த்தார்கள். பயண நேரம் சுமார் 25 சதவீதமும் புகை 20 சதவீதத்துக்கு மேலும் குறைந்ததாக அறிவித்தார்கள். அந்தப் புகைக் கணக்கு, வண்டிகள் ஓடிய விதத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. மதிப்பீடு தப்பில்லை, அதை மதிப்பீடு என்றே சொல்லுங்கள்.

அப்புறம், மிச்சமான நேரம் யாருக்குப் போகிறது? டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, நெடுஞ்சாலை கூடிய அளவுக்கே வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். அது சாலை விரிவாக்கத்தைப் பற்றியது. ஆனாலும் ஒரு சாலை சுலபமானால் அதில் புது வண்டிகள் வந்து சேரும் என்பது சிக்னலுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அதனால் மிச்சமாகும் பச்சையை முதலில் பேருந்துக்குக் கொடுங்கள். ஐம்பது பேர் உள்ள ஒரு பேருந்தை ஒரு வண்டி என்று எண்ணும் மென்பொருள் எப்படி ஸ்மார்ட் ஆகும்?

பிரதான சாலைக்குப் பச்சையை நீட்டும்போது குறுக்குத் தெருவையும் பாருங்கள். அங்கே வரிசை நீள்கிறது, நடந்து கடப்பவர்கள் பொறுமை இழந்து சிவப்பிலேயே ஓடுகிறார்கள்.

அடுத்த அறிக்கையில் ஒரு வண்டி சராசரியாக எத்தனை தடவை நின்றது என்பதை கார், லாரி, பேருந்து என்று பிரித்து, குறுக்குத் தெருக்களையும் சேர்த்து வெளியிடுங்கள். ஸ்மார்ட் சிக்னலைத் திறந்த மாதத்து எண்ணோடு நிறுத்தாமல், ஒரு வருடம் கழித்து அதே சந்திப்புகளின் எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பேருந்துப் பயணி ஒருவர்